விழுந்தவரைத் தூக்குவது யார்?

1

நேற்று மாலை கடைசி அறையிலும் பெட்டியை மாட்டிவிட்டு, மின்பணியாளர் ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. சுவரில், கூரைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அந்த அறையில் இருப்பவர் தரையில் விழுந்து கிடந்தால் எங்கள் இடுப்பில் செருகியிருக்கும் கருவிக்கு அது சேதி சொல்லும். அதைத் தேர்ந்தெடுத்த மூவர் குழுவில் நானும் ஒருத்தி. தேர்ந்தெடுத்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிட்டது.

ஊரில் யாராவது கேட்டால் "நர்ஸ் வேலை" என்று மட்டும் சொல்வேன். ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கே டாஸ்மேனியா என்றொரு தீவு. அதன் வடகரையில், ஆறு கடலில் சேரும் ஒரு சின்ன ஊரில் உள்ள முதியோர் இல்லத்தில் நான் மூத்த நர்ஸ். குத்தாலத்தில் பிறந்து, தஞ்சாவூரில் படித்து, சவூதியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். கணவர் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். விமானத்தில் வருவார், துணிகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு விமானத்தில் போவார். மகள் சனா கடல் தாண்டி மெல்பர்னில் படிக்கிறாள். எங்கள் இல்லத்தில் இருக்கும் முதியவர்களுக்காவது சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் ஓர் ஆள் உண்டு.

இங்கே வந்த புதிதில் விழுவதைப் பற்றிப் பேசவே எனக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார். மகனுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பதற்றத்தில் "யுவர் மதர் இஸ் டவுன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "வயதானால் மனசு சோர்ந்துபோவது வழக்கம்தானே, நல்ல தேநீராக ஒன்று போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்பவும் கூப்பிட்டு விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இவர்கள் யாரும் விழுவதில்லை, இவர்களுக்கு ஒரு 'ஃபால்' வாய்க்கிறது என்று பிறகுதான் புரிந்தது. ஊரில் இருக்கும் என் தகப்பனார், எங்கள் அத்தாவும் அப்படித்தான். விழுந்தேன் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். "படி தடுக்கிடுச்சு", "தரை வழுக்கிடுச்சு" என்பார். குற்றம் எப்போதும் படிமேலும் தரைமேலும்தான்.

பெட்டி வேண்டும் என்ற பேச்சு லெஸ் விழுந்ததிலிருந்துதான் தொடங்கியது. லெஸ் எங்கள் இல்லத்து முதியவர், ஒரு காலத்தில் ஆப்பிள் தோட்டக்காரர். பெரிய கைகள், குறைந்த பேச்சு. ஒருநாள் விடியற்காலையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தவர், காலைத் தேநீர் கொண்டுபோன பெண் பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அழைப்பு மணி கட்டிலின் மறுபக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கூப்பிட்டீர்களா லெஸ்?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரம் கூப்பிட்டேன். அப்புறம் மற்றவர்கள் தூக்கம் கெடுமே என்று விட்டுவிட்டேன்" என்றார்.

2

அதற்குப் பின் எங்கள் நிர்வாகி ஹெலன் ஒரு குழு அமைத்தார். அவர், கட்டடப் பராமரிப்பு பார்க்கும் கிரேக், நான். விற்பனையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெட்டியும் படமுமாக வந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தான், கட்டிலடியில் விரிக்கும் உணர்வு மிதியடி, கூரையில் கேமரா, சுவரில் ரேடார் அலையால் அறியும் பெட்டி என்று நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் அந்தரங்க உரிமைப் படிவம், ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், குடும்பத்தார் ஒப்புதல் படிவம். மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினால், பழைய பதிப்பில் நிரப்பியிருக்கிறீர்கள் என்று எல்லாம் திரும்பி வரும்.

முதலில் பொத்தானைச் சோதித்தோம். லெஸ் அதைக் கழற்றி ஜன்னல் கொண்டியில் மாட்டிவிட்டார். "மாட்டுக்குத்தான் மணி கட்டுவார்கள்" என்றார். அடுத்து மிதியடி. மிதித்தால் எங்களுக்குச் சத்தம் வரும். ஜோன் என்ற பாட்டி முதல் நாளே அதைப் புரிந்துகொண்டு, எங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்று அதைத் தாண்டிக் குதித்து இறங்க ஆரம்பித்தார். விழாமல் இருக்கப் போட்ட மிதியடியே அவரை விழவைக்கும் போலிருந்தது. மறுநாளே சுருட்டி எடுத்துவிட்டோம்.

அதே சமயம் குத்தாலத்திலும் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அம்மா மவுத்தான பிறகு அத்தா தனியாகத்தான் இருக்கிறார். மெயின் ரோட்டில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தவர். முழங்கால் போனதும் கடையை விட்டுவிட்டார். தெருவே அப்படித்தான். ஒரு வீட்டுப் பிள்ளை துபாயில், ஒரு வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில். மாடி மேல் மாடி எழும்பியிருக்கிறது, உள்ளே ஒருவர் அல்லது இருவர். ஷார்ஜாவிலிருக்கும் என் அண்ணன் சலீம் விடுமுறையில் போனபோது கூடத்தில் ஒரு கேமராவை மாட்டிவிட்டு வந்தான். அவனும் நானும் போனில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம்.

ஒரு வாரம்தான். அப்புறம் திரையில் அத்தாவின் கட்டில் தெரியவில்லை. வாசல் கதவும் அதற்கப்பால் தெருவும்தான் தெரிந்தன. அத்தா ஒட்டடைக் குச்சியால் அதைத் திருப்பி வைத்திருக்கிறார்.

"என்னத்தா இது?" என்றேன்.

"அது வாசலப் பாக்கட்டும். திருடன் வந்தா ஒங்களுக்குத் தெரியணுமுல்ல."

"உங்களப் பாக்கத்தானே வச்சிருக்கு?"

"என்னப் பாத்து என்ன பண்ணப்போறே? கைலி கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நேத்தும் அதான், இன்னிக்கும் அதான்."

சனாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் ஆங்கிலத்தில் சிரித்தாள். தாத்தா செய்தது சரி என்றாள். "நீங்க என் போன்ல லொகேஷன் பாக்குறீங்களே, அதையும் நான் நேத்து ஆஃப் பண்ணிட்டேன்மா. கோவிச்சுக்காதீங்க" என்றாள். கோபமில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும் வரைபடத்தில் அந்தச் சின்ன நீலப் புள்ளி நூலகத்திலா, அறையிலா என்று பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பேன். அதற்குப் பிறகு நேரே உலை வைத்தேன்.

3

அது ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு மாலை, குத்தாலத்தில் நடுப்பகல் ஜும்மா தொழுகை நேரம். வேலை முடிந்து காரில் உட்கார்ந்தபோது சலீம் கூப்பிட்டான். தொழுகைக்குக் கிளம்புமுன் சும்மா கேமராவைத் திறந்து பார்த்திருக்கிறான்.

"நூரு, அத்தா கீழ கெடக்குறாரு. கால் மட்டுந்தான் தெரியுது. போனெடுக்கல. நீ நர்ஸு, நீ பாரு. நான் ஆளுங்களுக்குப் போன் பண்றேன்."

திறந்தேன். திறந்திருந்த வாசல் கதவு, வெயில் அடிக்கும் தெரு. திரையின் கீழ் ஓரத்தில் அத்தாவின் இரண்டு பாதங்கள். முழங்காலுக்கு மேலே எதுவும் தெரியவில்லை. பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"அத்தா! அத்தா, நான் நூரு."

பாதங்கள் அசைந்தன. வாசல் பக்கம் திரும்பின.

"நூரா? எப்பம்மா வந்தே?"

"வரலத்தா. கேமராலேருந்து பேசுறேன்" என்றேன்.

"ஓ, அதுவா" என்றார்.

"எங்க வலிக்குது? தலையில அடிபட்டுச்சா?"

"தலையில ஒண்ணுமில்ல. சட்டைய எடுக்கப் போனேன், பாய் தடுக்கிடுச்சு."

"கால அசைங்க. ரெண்டையும். இடுப்புல வலி இருக்கா?"

"முட்டிதான். எந்திரிக்க முடியல." மூச்சு வாங்கியது. பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் வந்தவரிடம் பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னார். "பாத்துட்டேல்ல? பாத்தாச்சுல்ல? இப்பத் தூக்கு."

சலீம் இன்னொரு பக்கம் முயன்றுகொண்டிருந்தான். எங்களிடம் இருந்த எண்களெல்லாம் ஆண்களின் எண்கள். சாதிக் மாமா, எதிர்வீட்டு ஹாஜியார், மளிகைக்கடைத் தம்பி. எல்லோரும் பள்ளிவாசலில் போனை அடக்கிவிட்டுக் குத்பா பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருக்கும் பெண்கள் ஒருவர் எண்ணும் எங்களிடம் இல்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறேன், மாயவரத்திலிருந்து வரவேண்டும் என்றான்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் விழுந்தவர்களைத் தூக்கும் கைகள் ஸ்டியரிங்மேல் சும்மா கிடந்தன. அத்தா ஏதோ ஓதிக்கொண்டிருந்தது மெல்லக் கேட்டது.

அப்போது தெருவில் ஒரு பெண் தலையில் அலுமினியக் குண்டானோடு கடந்து போனாள். மீன் விற்றுத் திரும்புகிற பெண். நான் வெறி பிடித்தவள்போல் கத்தினேன்.

"அக்கா! மீன்காரக்கா! உள்ள வாங்க! விழுந்து கெடக்குறாங்க!"

அவள் நின்றாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். மறுபடி கத்தினேன். குண்டானை வாசலில் இறக்கி வைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள்.

"அய்யோ, பாய்! என்ன பாய் இப்படி?" என்றவள் பிறகு சுவரைப் பார்த்தாள். "யாருங்க பேசுறது? அசரீரி மாதிரில்ல கேக்குது!"

"நான் அவங்க மகக்கா. வெளிநாட்லேருந்து பேசுறேன். கையப் புடிச்சு இழுக்காதீங்க. ஒரு நாற்காலி கொண்டுவாங்க, நான் சொல்றபடி செய்யுங்க."

அவள் அத்தாவின் அருகே குனிந்து தயங்கினாள். "கையெல்லாம் மீன் கவுச்சி பாய். தொழுவப் போறதுக்கு வெள்ளை உடுத்திருக்கீங்க."

"தூக்கும்மா மொதல்ல" என்றார் அத்தா.

ஒருக்களித்துத் திருப்பச் சொன்னேன். முட்டியின்கீழ் தலையணை வைக்கச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்து மண்டியிட்டு, நல்ல காலை முன்னே ஊன்றி, இடுப்பைத் தாங்கிக்கொண்டு எழுப்பச் சொன்னேன். என் கண்ணில் படாத இடத்தில் எல்லாம் நடந்தது. அவளுடைய முதுகும் கொசுவமும் மட்டும் திரையில் வந்து வந்து போயின. "ம்... அவ்வளவுதான்... ஒக்காருங்க" என்ற குரல் கேட்டது. பிறகு தண்ணீர் மொள்ளும் சத்தம்.

அவள் பெயர் கலா. தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். கணவன் அடுத்தவர் படகில் கடலுக்குப் போகிறவன். ஆம்புலன்ஸ் வரும்வரை அத்தாவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். எலும்பு முறியவில்லை என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் நான் காரைக் கிளப்பினேன். வாகன நிறுத்தத்தில் என் கார் மட்டும்தான் நின்றது.

4

அடுத்த வாரக் கூட்டத்தில் சுவர்ப் பெட்டி விற்பவர் வந்திருந்தார். எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கும், போர்வைக்கு அடியில் இருந்தாலும் எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்டினார். நல்ல பொருள்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மனதில் அந்தப் பாதங்கள். கையை உயர்த்தி, "ஆனால் லிஃப்ட் யார்?" என்று கேட்டேன். தூக்குவது யார் என்று கேட்டதாகத்தான் என் நினைப்பு.

கிரேக் அன்பாகச் சொன்னார். "லிஃப்ட் ஒன்றுதான் இருக்கிறது நூர், சமையலறைப் பக்கம். போன வாரம்தான் எண்ணெய் போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் அது பழகிவிட்டது. பிறகு மெதுவாக, சொல் சொல்லாகக் கோத்துச் சொன்னேன். பெட்டி கூப்பிடும், வருவது யார்? விடியற்காலையில் ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே ஆள். அவர் ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போயிருந்தால் பெட்டி கத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதானே?

ஹெலன் கெட்டவர் அல்ல. களைத்துப் போனவர். "ஆள் எடுப்பது வேறு நிதி, வேறு அலுவலகம் நூர். இந்தக் குழுவின் வேலை கருவி தேர்ந்தெடுப்பது மட்டும்தான்" என்றார். விற்பனையாளர் தம் பேனாவை மூடினார்.

ஒரு பெட்டியைச் சோதனைக்கு வைத்துவிட்டுப் போவதாக முடிவாயிற்று. எந்த அறையில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் வழக்கம்போலக் காலியாயிருந்த மூலை அறைக்குத் தொழப் போனேன். ஹெலன் எப்போதோ அனுமதித்த இடம். அன்று காலை அத்தாவிடம் பேசியிருந்தேன். "இங்க வந்துடுங்கத்தா" என்றதற்கு, "அங்க வந்து ஒன் சொவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரவா? நீ வேலைக்குப் போயிடுவே" என்றிருந்தார். அந்த நினைப்போடு சுஜூதில் தரையில் நெற்றியை வைத்தவள் எழ மனமில்லாமல் அப்படியே இருந்துவிட்டேன். கம்பளத்தில் கண்ணீர் இறங்கியது. இங்கே வந்ததிலிருந்து நான் அழுதது மிகக் குறைவு.

கதவு படாரென்று திறந்தது. மரியா என்ற இளைய நர்ஸ், அவள் பின்னால் கிரேக், அவருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஹெலன். மரியா என் பக்கத்தில் மண்டியிட்டு என் கழுத்தில் நாடி பார்த்தாள். ஹெலன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நூர், அசையாதே, எங்கே வலிக்கிறது?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். சுவரின் மேலே வெள்ளைப் பெட்டி பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

"நான் விழவில்லை. தொழுதுகொண்டிருந்தேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் முகம் ஈரமாயிருந்ததை மூவரும் பார்த்துவிட்டார்கள். கிரேக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றார். ஹெலன் தம் பாவாடை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் கம்பளத்திலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்டார். சொன்னேன். அத்தா, பாதங்கள், மீன்காரி, எல்லாம். இந்த ஊரில் ஒருவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. ஆங்கிலம் தப்புத் தப்பாக வந்தது. அவர் எதையும் திருத்தவில்லை.

கடைசியில் சொன்னேன்: "பகலானதால் மூன்று பேர் ஓடிவந்தீர்கள் ஹெலன். லெஸ் விழுந்தது போன்ற விடியற்காலையில் யார் வருவார்கள்?"

அதற்குப் பிறகு மண்டல அலுவலகத்தோடு அவர் போட்ட சண்டையை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆள் இல்லாமல் பெட்டி வாங்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். திரும்பவும் படிவங்கள், திரும்பவும் பழைய பதிப்பு. இரண்டு பகுதிக்கும் சேர்த்து விடியற்காலைக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தார். நாங்கள் கேட்டதில் பாதி.

லெஸ்ஸிடம் ஒப்புதல் வாங்க நான்தான் போனேன். இப்போது சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார்.

"அது என்னைப் பார்க்குமா?"

"பார்க்காது. நீங்கள் தரையில் இருக்கிறீர்களா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்."

"தரையில் இருந்தால் எனக்கே தெரியுமே" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். "கூப்பிட்டால் ஆள் வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டார். வரும் என்றேன். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடிந்ததில் ஒரு திருப்தி.

5

அத்தாவுக்கும் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அவர் தம் ஏற்பாட்டை முடித்துவிட்டார். வீட்டின் பின்கட்டு இரண்டு அறை சும்மா பூட்டிக் கிடந்தது. கலாவையும் அவள் புருஷனையும் அதில் குடிவைத்துவிட்டார். சலீம் போனில் குதித்தான்.

"யாருன்னே தெரியாதவங்கள வீட்டுக்குள்ள வைக்கிறதா?"

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார் அத்தா. அத்தோடு பேச்சு முடிந்தது. கேமராவையும் அவர்தான் கழற்றச் சொல்லியிருக்கிறார். குடித்தனம் இருக்கிற வீட்டில், பெண்பிள்ளை நடமாடுகிற இடத்தில், அது என்ன அசிங்கம் என்று.

அது சரிதான். நானே அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து என் போனில் அந்த வாசல் தெரிவதில்லை. போனில் கலா கிடைக்கும்போது சேதி சொல்கிறாள். முட்டி வீக்கம் வடிந்துவிட்டது, சாயந்தரம் ஆற்றுப் பாலம்வரை நடக்கிறார், துணைக்கு அவள் புருஷன் போகிறான், கடலுக்குப் போகாத நாளில் இருவரும் எதையாவது கழற்றிப் பூட்டுகிறார்கள்.

நேற்று பெட்டியெல்லாம் மாட்டி முடிந்ததை அத்தாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் கூப்பிட்டேன். கலா எடுத்தாள். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள், அத்தாவின் குரலும் அதில் இருந்தது.

"அத்தா, ஒங்க பொண்ணு!" என்று அவள் உள்ளே கூப்பிட்டாள். பாய் என்று அழைத்துக்கொண்டிருந்தவள் எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை.

"மோட்டாரப் பிரிச்சு வச்சிருக்கேன், கையெல்லாம் கிரீஸு" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. "சாயந்தரமாக் கூப்புடுறேன்னு சொல்லும்மா."

அவருடைய சாயந்தரம் எனக்கு ஊர் அடங்கி வெகுநேரம் ஆன பொழுது. நான் நாடு விட்டு வந்த நாளிலிருந்து, "ஒனக்கு இப்ப மணி என்ன, சாப்ட்டியா?" என்று கேட்காமல் அவர் பேச்சைத் தொடங்கியதே கிடையாது.

"சரிங்கக்கா, சாயந்தரமே பேசச் சொல்லுங்க" என்றேன். கலாவும் சரி என்றாள். கிரைண்டர் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது, அவள் போனை அணைக்க மறந்துவிட்டாள். நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.